‘பத்து வெள்ளி’ என்றால் எத்தனை கிராம்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் நகை செய்த தமிழ்ப் பத்தர் குடும்பங்களைப் பற்றி வரும் மலர்க் கட்டுரைகளிலும் கண்காட்சிப் பலகைகளிலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு கப்பல் ஏறினார். சிராங்கூன் சாலைப் பக்கம் கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில், உமி நெருப்பு மூட்டும் உமிச்சட்டி வைத்தார். இரவு பகலாக உழைத்தார். கடை பிடித்தார். பிள்ளைகள் பெருக்கினார்கள். பெயரையும் உமிச்சட்டியையும் எடுத்துவிட்டு இதையே மளிகைக் கடைக்காரருக்கும் சலவைக்காரருக்கும் போட்டுக்கொள்ளலாம். உமிச்சட்டிக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவில் இருந்தது உலோகக் கணக்கு. அதை யாரும் எழுதுவதில்லை. எழுதத் தேவையான சிட்டையும் பேரேடும், கம்பி இழுக்கும் துளைத் தகடான கம்பியச்சும் வீடு மாறும்போது பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் போய்விடுகின்றன. அவை போவதற்குள் சில விவரங்களைச் சொல்லிவைக்கத்தான் இக்கடிதம்.

முதல் சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. இந்த ஊரில் டாலருக்கு நாம் சொல்வது ‘வெள்ளி’. பழைய பத்தர் ஏட்டில் “கொலுசுக்கு 10 வெள்ளி” என்று இருந்தால் அது கூலியா, காசா, காசை உருக்கிய உலோகமா? மூன்றாகவும் இருக்கலாம். உலோகம் என்றே முடிவானாலும், ஏட்டின் ஆண்டைப் பார்க்காமல் அதைக் கிராமாக மாற்றக் கூடாது.

1867-இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. ரூபாய் விலகி, வெள்ளி டாலர் சட்டப்படி செல்லும் பணமானது. அன்று பட்டறைக்கு வந்த பெரிய காசு மெக்சிகோ டாலர்: 27.07 கிராம், ஆயிரத்துக்கு 902.7 பங்கு வெள்ளி. 1895-இல் பிரிட்டிஷ் வர்த்தக டாலர் வந்தது. 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே சொந்த டாலர் அச்சானது: 26.96 கிராம், 900 பங்கு. அடுத்த ஆண்டு மெக்சிகோ காசு செல்லாக் காசானது. பட்டறைக்கு மட்டும் அது என்றும் செல்லும் காசு. 1907-இல் டாலரின் எடை 20.21 கிராமாகக் குறைந்தது, தரம் 900 அப்படியே நின்றது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த டாலரோ 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி.

இனி ஏட்டுக்கு வருவோம். 1905-இல் பத்துக் காசை உருக்கினால் அதில் இருந்த சுத்த வெள்ளி 242.6 கிராம். 1910-இல் அதே பத்துக் காசில் 181.9 கிராம். 1921-இல் 84 கிராமுக்குச் சற்று மேல். தாத்தா எழுதியது, மகன் எழுதியது, பேரன் எழுதியது மூன்றும் “10 வெள்ளி” என்று ஒரே மாதிரி இருக்கும். பொருள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். 1899 முதல் அரசாங்க நோட்டும் புழங்கியதால், பின்னாளைய ஏட்டில் உள்ள வெள்ளி வெறும் காகிதமாகவும் இருக்கலாம்.

1907 மாற்றம் ஏன் வந்தது என்பதில்தான் பத்தர் தொழிலின் திருப்பமே இருக்கிறது. 1906-இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று கட்டினார்கள். அதே ஆண்டு லண்டனில் வெள்ளி விலை அவுன்சுக்கு 33 பென்ஸை எட்டியது. அந்த விலைக்கு, பழைய டாலருக்குள் இருந்த வெள்ளியின் மதிப்பே ஏறக்குறைய 28 பென்ஸ். காசாக வைத்திருப்பதும் கட்டியாக உருக்குவதும் ஒன்றாகிவிட்டது. காசு உருக்குச் சட்டிக்கும் ஏற்றுமதிக்கும் ஓடிவிடும் என்றுதான் எடையைக் குறைத்தார்கள்.

அதுவரை பத்தருக்குக் கைமுதல் என்பது பெரிதாகத் தேவையில்லை. வாடிக்கையாளர் காசைக் கொண்டுவந்து கொட்டுவார். பத்தர் நிறுத்து எழுதிக்கொள்வார், உருக்கி அடித்து, சேதாரம் போக அதே எடைக்கு நகை கொடுப்பார், செய்கூலி வாங்குவார். ஊதுகுழலும் சுத்தியலும் கையும் இருந்தால் போதும். 1907-க்குப் பிறகு இந்தக் கணக்கு ஒத்துவராது. 1908-இல் வெள்ளி விலை சுமார் 24 பென்ஸுக்கு இறங்கியது. அந்த விலையில் புதிய டாலருக்குள் இருந்த வெள்ளி 15 பென்ஸ் பெறும். காசின் மதிப்போ 28 பென்ஸ். அதை உருக்குவது பணத்தை அடுப்பில் போடுவதற்குச் சமம். ஆகவே வெள்ளிக் கட்டியோ பழைய நகையோ செல்லாத மெக்சிகோ காசோ வாங்கி இருப்பு வைத்தாக வேண்டும். இருப்பு வைக்கக் கைமுதல் வேண்டும். அந்தக் கைமுதல் மார்க்கெட் ஸ்திரீட்டில், கிட்டங்கி எனப்பட்ட வட்டிக் கடைகளில், செட்டியார்களிடம், வட்டிக்குக் கிடைத்தது. அங்கே பற்று வாங்கும் அளவுக்கு நாணயம் சம்பாதித்தவர் கடைக்காரர் ஆவார். மற்றவர் கூலிக்கு நகை செய்பவராகவே நிற்பார். கையில் வேலை எவ்வளவு சுத்தம் என்பதைவிட இதுதான் குடும்பங்களைப் பிரித்தது என்பது எங்கள் கணிப்பு. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் “கடை எந்த ஆண்டு?” என்று கேட்பதோடு நிற்காமல், “உலோகம் யாருடையது?” என்றும் கேட்க வேண்டும். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு, நேர்மை என்ற இரண்டு பொருளும் தமிழில் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை.

பட்டறைக்குள் வருவோம். வெள்ளி உருக்குவது தங்கம் உருக்குவதைவிட வம்பு. உருகிய வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடிக்கும், இறுகும்போது அதைத் துப்பும். மேல்தோல் வெடித்து முத்து முத்தாகக் கிளம்பும். உள்ளே பொத்தல் விழும். அந்தக் கட்டியைக் கம்பியாக இழுத்தால் நீளவாக்கில் சிலும்பு கிளம்பி இழை பிரியும். இதற்காகத்தான் உருக்கும் மண்குப்பியான மூசையில் வெங்காரத்தோடு (போராக்ஸ்) கரித்தூளும் போட்டு மூடாக்குப் போடுவது. ஊற்றும் இரும்பு அச்சைச் சூடுகாட்டி எண்ணெய் தடவாமல் ஊற்றவே கூடாது. இந்த ஊர் ஈரக்காற்றில், இரவு முழுக்கக் கிடந்த அச்சில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி இருக்கும். உருகிய வெள்ளி அதில் பட்டால் நீராவி வெடித்து, உலோகம் முகத்தில் தெறிக்கும்.

கொலுசுக்கும் அரைஞாணுக்கும் கம்பிதான் உயிர். ஊற்றிய கோலைச் சதுரமாக அடித்து, முனையை அரத்தால் கூராக்கி, கம்பியச்சின் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக இழுக்க வேண்டும். இரண்டு மூன்று துளைக்கு ஒரு முறை கம்பி விறைத்துவிடும். அப்போது மங்கிய சிவப்புக்குக் காய்ச்சி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு நாலாவது துளைக்கும் இழுத்தால் அறும். காய்ச்சும்போது பிரகாசமான சிவப்புக்குப் போனாலும் கெட்டது: செம்பு கலந்த வெள்ளி 779 பாகை செல்சியசிலேயே உள்ளுக்குள் இளக ஆரம்பிக்கும். சுத்த வெள்ளிக்கு அந்த எல்லை 961. இருட்டு மூலையில் உட்கார்ந்து காய்ச்சியது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. வெயிலில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது.

பற்றவைக்கும் உலோகத்துக்குப் ‘பொடி’ என்று பெயர். அரத்தால் ராவித் தூளாக்கி வெங்காரத்தோடு குழைத்து வைப்பதால் அந்தப் பெயர். வெள்ளி 2 பங்கு, பித்தளை 1 பங்கு என்பது சாதாரணப் பொடி. முதல் ஒட்டுக்கு 3-க்கு 1 என்று கெட்டியான பொடி, அதற்கடுத்த ஒட்டுகளுக்கு இளகிய பொடி. மாற்றிப் போட்டால் இரண்டாவது ஒட்டை ஊதும்போது முதல் ஒட்டு கழன்றுவிடும். பொடி செய்யும்போது வெள்ளி உருகிய பிறகே பித்தளையைப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் அதிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும், பொடி இளகாது. “பொடி வைத்துப் பேசுவது” இங்கிருந்து வந்தது என்பார்கள். வந்ததோ இல்லையோ, பத்தர் பொடி வைப்பதில் ஒரு கணக்கு உண்டு. 900 தர வெள்ளியில் 96 கிராமும் மேற்சொன்ன 2-க்கு 1 பொடியில் 4 கிராமும் சேர்ந்த 100 கிராம் கொலுசை முழுசாக உருக்கினால் கிடைக்கும் தரம் ஏறக்குறைய 891. மறுபடி நகையாக்கி, மறுபடி பொடி வைத்து, மறுபடி உருக்கினால் இன்னும் இறங்கும். பழைய நகைக்குக் கடையில் ‘கழிவு’ பிடிப்பதை ஏமாற்று என்று மட்டும் பார்ப்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம். ஏமாற்றும் உண்டு, அது பொடியைத் தேவைக்கு மேல் வைப்பதில் ஒளிந்திருக்கும்.

1920-களின் பாதி வெள்ளிக் காசு பத்தருக்குப் பெரிய பொறி. எடை குறைவென்பது கையிலேயே தெரியும். தரம் பாதி என்பது உரைகல்லில், தரம் தெரிந்த உரையாணியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். உருக்கினால் சிவப்படிக்கும், கம்பியாக இழுக்க முரண்டு பிடிக்கும், ஒவ்வொரு சூட்டுக்கும் மேலே கறுப்புப் படியும். அதைச் சுத்தம் செய்ய நைட்ரிக் திராவகத்தில் கரைத்து, உள்ளே செம்புத் தகடு போட வேண்டும். தகடு கரையக் கரைய வெள்ளி சாம்பல் நிறப் பஞ்சாக அடியில் விழும், நீர் நீலமாகும். அதைக் கழுவிக் காயவைத்து உருக்க வேண்டும். வரும் பழுப்புப் புகை நுரையீரலுக்கு எமன். திராவகச் செலவையும் பார்த்தால் அந்தக் காசை வாங்காமலிருப்பதே லாபம்.

900 தர வெள்ளிக்கும் சூட்டில் கறுப்பு வரும். படிக்காரத் தண்ணீரிலோ புளித் தண்ணீரிலோ கொதிக்கவைத்தால் மேலிருக்கும் செம்பு மட்டும் கரையும். காய்ச்சிக் கொதிக்கவைப்பதை நாலைந்து முறை செய்தால் நகையின் தோல் சுத்த வெள்ளியாகவே மாறும். பிறகு பூந்திக்கொட்டை நுரையும் தூரிகையும், கடைசியில் மெருகுக் கல். பழைய மெட்டிக்கும் தண்டைக்கும் உள்ள பால் வெண்மை இப்படி வந்தது. இன்றைய வாரிசு அதை இயந்திரத்தில் கொடுத்துப் பளபளக்கச் செய்தால், அந்தத் தோலைத்தான் முதலில் உரித்தெறிகிறார்.

சேதாரத்தைப் பற்றியும் கொஞ்சம். ராவும் அரத்தூள், மூசையில் ஒட்டியது, கை கழுவிய தண்ணீர், பாய், உமிச் சாம்பல் எல்லாவற்றிலும் உலோகம் இருக்கும். கெட்டிக்காரப் பட்டறை எதையும் கொட்டாது. கூட்டிச் சேர்த்து எரித்து, காந்தத்தால் இரும்பை எடுத்து, நீரில் அரித்து, வெங்காரமும் வெடியுப்பும் போட்டு உருக்கும். நூற்றுக்கு 3 சேதாரம் பிடித்துக்கொண்டு, தூசியிலிருந்து 2 மீட்டதாக வைத்துக்கொள்வோம். மாதம் 5 கிலோ வெள்ளி புழங்கும் பட்டறைக்கு அது 100 கிராம். பழைய மெக்சிகோ காசில் நாலு. தங்கத்தில் இதே விகிதம் என்றால் ஒரு குடும்பத்தின் வாடகை அதிலேயே போய்விடும். பட்டறையைக் கூட்டும் வேலை வெளியாளுக்குக் கொடுக்கப்படாமல், மச்சானுக்கோ தங்கை மகனுக்கோ போனதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

மேசையில் எடைகளும் ஒன்றல்ல. ஊரிலிருந்து வந்தவர் கையில் ரூபாய் எடை: ஒரு தோலா, 11.66 கிராம். சீன வாடிக்கையாளர் கேட்பது தாஹில்: 37.8 கிராம், பதினாறு தாஹில் ஒரு காத்தி. தங்கத்துக்குப் பவுன்: கிட்டத்தட்ட 8 கிராம், 22 காரட். பவுன் காசே கட்டியாகவும் பயன்பட்டது. 60 டாலருக்கு 7 பவுன் என்ற அரசாங்கக் கணக்கில் ஒரு பவுன் 8 வெள்ளி 57 காசு. சின்ன எடைக்குக் குன்றிமணி. 64 குன்றிமணியைப் பவுனுக்குச் சமமாகப் பிடிப்பார்கள். ஏட்டில் வெறும் எண் மட்டும் இருந்தால், வாடிக்கையாளரின் பெயரைப் பார்த்து எந்த எடை என்று ஊகிக்கலாம். உறுதி செய்ய அதே பக்கத்தில் உள்ள கூலியைப் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் தமிழர் மட்டுமல்ல என்பதும் மறக்கப்படுகிறது. மலாய்ப் பழக்கங்களை ஏற்ற சீன வம்சாவளியினரான பெரனாக்கான்களின் நகைகளைச் சீனப் பொற்கொல்லர்களோடு இந்தியரும் சிங்களவரும் செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களான நியோன்யாக்களின் கெபாயா மேற்சட்டையை முன்னால் பூட்டும் குரோசாங் ஊசிகளும் வெள்ளி ஒட்டியாணங்களும் அப்படி வந்தவை. நகாசு வேலைக்குத் தகட்டை அரக்கில் படியவைத்து உளியால் தட்ட வேண்டும். குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் சேர்ந்த அந்த அரக்கு இந்த வெப்பத்தில் இளகித் தகடு அமுங்கும் என்பதால், எண்ணெயைக் குறைத்துச் செங்கல் தூளைக் கூட்ட வேண்டும். கோயில் கவச வேலைக்கும் இதே அரக்குதான்.

இலங்கையின் காலியிலிருந்து வந்த பி.பி. டி சில்வா 1872-இல் இங்கே தொடங்கிய நகைக் கடை இன்றும் பெயர் சொல்கிறது. சிராங்கூன் சாலைப் பட்டறைகளுக்கு அப்படி ஒரு வரலாறு எழுதக் கூடாதா என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வருத்தம் நியாயம். ஆனால் வரலாறு எழுத ஏடு வேண்டும்.

ஜப்பானியர் காலத்தையும் ஏட்டில் தனியாகப் பிரிக்க வேண்டும். 1942 முதல் 1945 வரை எழுதிய ‘வெள்ளி’ ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டு. போர் முடிந்ததும் அது குப்பை. அந்த ஆண்டுகளில் கடனாக நின்ற தொகையைப் பெரிய சொத்து என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடாதீர்கள். எடையாக எழுதியிருந்தால் மட்டும் மதிப்பு உண்டு.

பழைய பட்டறைப் பொருள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். நகையைத் துலக்காதீர்கள். ‘ஸ்டெர்லிங் வெள்ளி’, அதாவது 925 தரம், என்று அட்டை எழுதுவதற்கு முன் தரம் பாருங்கள். காசு உருக்கிச் செய்தது என்றால் அது 925 ஆக இருக்க வாய்ப்புக் குறைவு. வெட்டாமல், உரைக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் நகையை நிறுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்து, நகையை நூலில் கட்டி அடி தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது காட்டும் எடையால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49, 900 தரத்துக்கு 10.3, பாதி வெள்ளிக்கு 9.7-ஐ ஒட்டி வரும். 10.3-க்கும் 925-இன் 10.36-க்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் இருபது முப்பது கிராமுக்குக் குறைந்த நகையில் இதை நம்பக் கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு கெடும். உள்ளே பரல் போட்ட தண்டைக்கு இந்தச் சோதனை உதவாது, அது பொள்ளல்.

கம்பியச்சை எண்ணெய் போட்டுத் துடைப்பதோடு விடுங்கள், துளையைக் குடையாதீர்கள். துளைகளின் தேய்மானமே அந்தப் பட்டறை எந்தக் கனத்துக் கம்பியை அதிகம் இழுத்தது என்று காட்டும். தராசோடு இருக்கும் எடைக்கற்களைப் பிரிக்காதீர்கள். எடைக்குப் பதிலாகப் பழைய டாலர் காசு கிடந்தால் அதை நாணயம் சேகரிப்பவருக்கு விற்பதற்கு முன் நிறுத்து, ஆண்டைக் குறித்து, தராசோடு சேர்த்துப் படம் எடுங்கள். கடையின் பெயர் தெரிந்தால் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தேடலாம். தமிழ் முரசு இதழ்களும் அங்கே கிடைக்கின்றன. பொருளைக் கொடுக்க மனமிருந்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. ஏடு இல்லாமல் நகையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஏட்டைப் படம் எடுக்கும்போது வெற்றுப் பக்கம் என்று தாண்டாமல், அட்டையின் உட்புறத்தையும் எடுங்கள். தோலாவைத் தாஹிலாக்கிய கூட்டல் கழித்தல் பென்சிலில் அங்கே இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
தேக்கா, சிங்கப்பூர்.